கணவாய் குறைந்தால் படகுக்காரன் தலையில்தான் கட்ட வேண்டுமா?

தென்னாப்பிரிக்கக் கடலில் பிடிக்கும் சொக்கா என்ற கணவாயின் வரத்து குறைந்தால் போதும், போர்ட் எலிசபெத் நகரில் எங்கள் மலபார் பகுதியில் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். (2021இல் ஊரின் பெயர் மாறிவிட்டது, என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) கம்பெனிகள் கடலைச் சுரண்டிவிட்டன என்பார் ஒருவர். தடைக்காலம் போட்டு அரசாங்கம் வயிற்றில் அடிக்கிறது என்பார் இன்னொருவர். கடல் என்ன செய்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சொக்கா அதிகமாக முட்டையிடுவது பிளட்டன்பெர்க் பே முதல் போர்ட் ஆல்பிரட் வரையான கரையோரத்தில். விரல் போன்ற கூழ் உறைகளைக் கொத்துக் கொத்தாக மணல் தரையில் ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். சில வாரங்களில் பொரிந்து வரும் குஞ்சின் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். உடலில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு சில நாட்களுக்குத்தான் தாங்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இறால் வகை உயிர்கள் வாயில் அகப்பட வேண்டும். அவை மிகுந்திருப்பதோ மேற்கே, அகுல்காஸ் திட்டு எனப்படும் ஆழம் குறைந்த கடற்பரப்பின் நடுப்பகுதியில், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும் இடத்தில். இத்தனை சிறிய உயிரால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியுமா? மேற்கு நோக்கிய ஓட்டம் அமைந்தால் சாப்பாட்டுப் பந்தியில் போய் இறங்கும்.

அமையாவிட்டால்? திட்டின் ஓரமாகவே அகுல்காஸ் நீரோட்டம் ஓடுகிறது. உலகின் வேகமான நீரோட்டங்களில் ஒன்று அது. கிழக்கே, போர்ட் ஆல்பிரட் பக்கம், திட்டு குறுகலானது. அங்கே பொரிந்த குஞ்சுகளுக்கு ஆபத்தும் அதிகம். நீரோட்டம் சற்று வளைந்து உள்ளே வந்தால் கூட்டத்தோடு ஆழ்கடலுக்கு வாரிக்கொண்டு போய்விடும். அங்கே இரை அரிது. போனது போனதுதான்.

சொக்காவின் ஆயுள் இரண்டு ஆண்டுகூட இல்லை. மீனைப் போலப் பல வயதுக் கூட்டங்கள் கடலில் கையிருப்பாக இருக்காது. ஒரு பருவத்துக் குஞ்சுகள் கெட்டால் அடுத்த ஆண்டு வலை, தூண்டில், விளக்கு எதுவும் உதவாது. 2013இல் பிடிப்பு சரிந்தபோது எழுந்த கூச்சலில் இதைப் பேசியவர்கள் வெகு சிலர்.

"அப்படியானால் அக்டோபர், நவம்பரில் ஐந்து வாரம் கடலை மூடுவது வீண்தானே?" என்று மைத்துனர் மடக்கினார். நான் நேர் எதிராகத்தான் நினைக்கிறேன். நீரோட்டத்துக்கு நாம் உத்தரவு போட முடியாது. முட்டையிட வரும் கணவாயைப் பிடிக்காமல் விட்டால் முட்டை கூடும்; நம் கையில் இருப்பது அந்த எண்ணிக்கை ஒன்றுதான். பத்தில் ஒன்பது அடித்துச் செல்லப்படும் ஆண்டிலும் மிஞ்சுவதற்கு ஏதாவது வேண்டாமா?

எனக்குக் கோபம் வேறிடத்தில். படகில் இரவெல்லாம் விளக்கடியில் நின்று கைத்தூண்டில் இழுப்பவருக்குக் கூலி, பிடித்த கிலோவுக்குத்தான். கணவாய் கக்கி மேலே விழும் மையைத் துடைக்க நேரமில்லாமல் இழுப்பவர் அவர். கடல் ஏமாற்றிய ஆண்டின் நட்டம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. உரிமம் வைத்திருப்பவர் கடன் வாங்கியாவது சமாளித்துக்கொள்வார். நல்ல ஆண்டுகளில் ஏற்றுமதி வருமானத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, மோசமான ஆண்டில் இந்தத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியாகக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை மீன்பிடி உரிமை ஒதுக்கீட்டுச் சண்டைக்குக் கூடும்போது இதையும் யாராவது மேசைமேல் வையுங்கள்.