ஃபேன்டஸி படிக்கறவங்களும் கிளாசிக் படிக்கறவங்களும் ஒரே வீட்டு ஆளுங்கதான்

புக் படிக்கறவங்க நாலு பேர் சேர்ந்தா போதும், உடனே ரெண்டா பிரிஞ்சிடறாங்க. ஒரு பக்கம் டிராகன், மேப், மந்திரவாதின்னு கண்ணு பளபளக்க பேசற ஃபேன்டஸி கோஷ்டி, இன்னொரு பக்கம் ஷேக்ஸ்பியர், மில்டன், ஜேன் ஆஸ்டின்னு கிளாசிக் கோஷ்டி. இவங்க அவங்கள பாத்து 'அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்'பாங்க, அவங்க இவங்கள பாத்து 'ஐயோ செம போர்'பாங்க. எனக்கு ரெண்டுமே உயிர், அதனால இந்த சண்டைய பாக்கும்போது நெஜமாவே வருத்தமா இருக்கு. ஏன்னா லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதின, ஃபேன்டஸியோட பெரிய ஆள்னு எல்லாரும் கொண்டாடற டோல்கீன் முழுநேர தொழிலா பண்ணினதே பழைய இலக்கியம் சொல்லிக் கொடுக்கறதுதான்.

மனுஷன் 1925ல இருந்து ஆக்ஸ்ஃபோர்டுல பேராசிரியர், பழைய ஆங்கிலம்தான் அவர் பாடம். அதுல அவருக்கு உசுரான கவிதை பேயோவுல்ஃப். 3182 வரி, ஆயிரம் வருஷப் பழசு, இன்னிக்கு உலகத்துல அதுக்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் இருக்கு. 1731ல அது இருந்த கட்டடம் தீப்பிடிச்சு எரிஞ்சுது, பிரதியோட ஓரமெல்லாம் கருகிப் போச்சு, உள்ள இருந்த எழுத்து தப்பிச்சிடுச்சு, இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அன்னிக்கு தீ இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சாலே எனக்கு பதறும்.

அந்தக் கவிதையோட கடைசிப் பகுதில புதையலக் காத்துக்கிட்டு தூங்கற ஒரு டிராகன் வரும், ஒருத்தன் ரகசியமா உள்ள போய் ஒரு கோப்பைய தூக்கிட்டு வந்துடுவான், டிராகன் முழிச்சு பாத்து வெறி பிடிச்சு ஊரையே கொளுத்தும். டோல்கீனோட ஹாபிட் நாவல் படிச்சவங்களுக்கு இத படிக்கும்போதே புரிஞ்சிருக்கும்! அதோட ஹீரோ பில்போ, ஸ்மாக்ங்கற டிராகனோட குகைக்குள்ள போய் முதல்ல எடுக்கறதும் ஒரு கோப்பைதான். இதப் பத்தி டோல்கீனே 1938ல ஒரு பத்திரிகைக்கு லெட்டர் எழுதியிருக்கார், தான் ரொம்ப மதிக்கிற மூலங்கள்ல பேயோவுல்ஃபும் ஒண்ணு, ஆனா எழுதும்போது அத நெனச்சு எழுதல, அந்தத் திருட்டு கதைப்போக்குல தானா வந்துச்சுன்னு. எனக்கு இந்த இடம் அவ்ளோ பிடிக்கும். ஒரு பழைய கவிதைய பல வருஷம் படிச்சு, பாடம் எடுத்து, மொழிபெயர்த்து, ரத்தத்துல கலந்து போனா அது இப்படித்தான் வெளிய வரும்.

அதே பேயோவுல்ஃபுக்காக 1936ல பிரிட்டிஷ் அகாடமில ஒரு உரை பேசினார். அதுவரைக்கும் பண்டிதர்கள் நெறைய பேர் அந்தக் கவிதைல சரித்திரத் தகவல் தேடிட்டு இருந்தாங்க, இவ்ளோ நல்ல கவிதைல போய் பூதமும் டிராகனும் வருதேன்னு சங்கடப்பட்டாங்க. இவர் எழுந்து நின்னு அந்தப் பூதங்கள்தான் கவிதையோட உயிரு, அத எடுத்துட்டா ஒண்ணுமே இல்லன்னு வாதாடினார். அதுக்கப்புறம் அந்தக் கவிதைய படிக்கற விதமே மாறிடுச்சு. அதாவது ஒரு கிளாசிக்க கிளாசிக்கா நிக்க வச்சதுல ஒரு ஃபேன்டஸி ரசிகனோட பங்கு இருக்கு, இத கிளாசிக் கோஷ்டில யாரும் சொல்றதில்ல.

ஷேக்ஸ்பியர் மேல அவருக்கு ஒரு கோவம் இருந்துது தெரியுமா? மாக்பெத்ல காடு நடந்து வரும்னு சூனியக்காரிங்க சொல்லுவாங்க, பாத்தா சிப்பாய்ங்க மரக்கிளைய வெட்டிப் பிடிச்சிட்டு வருவாங்க, அவ்ளோதான். ஸ்கூல் பையனா டோல்கீனுக்கு அது பெரிய ஏமாற்றம், நெஜமாவே மரங்க போருக்குப் போற மாதிரி ஒரு கதை வேணும்னு அப்பலேர்ந்தே ஆசைப்பட்டிருக்கார், அந்த ஏமாற்றத்துல பொறந்தவங்கதான் லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல வர்ற என்ட்ஸ்ங்கற நடக்கற மர மனுஷங்க.

இன்னொண்ணு, லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முடிஞ்சதே கூட இருந்து கேட்டவங்களாலதான்னு நான் நம்பறேன். இங்க்ளிங்ஸ்னு ஒரு நண்பர் கூட்டம், எழுத்தாளர் சி.எஸ்.லூயிஸோட காலேஜ் ரூம்ல கூடி எழுதினத சத்தமா வாசிப்பாங்க. டோல்கீன் அந்த நாவல 1937ல ஆரம்பிச்சார், நடுவுல யுத்தம், பல தடவ நின்னு போச்சு, லூயிஸ்தான் அடுத்து என்ன அடுத்து என்னன்னு கேட்டுட்டே இருந்தார். 1944ல கதையோட நாயகங்க சாமும் ஃப்ரோடோவும் ஷெலோப்ங்கற ராட்சச சிலந்தியோட குகைல மாட்டற அத்தியாயங்கள வாசிச்சப்ப லூயிஸ் கண்ணு கலங்கிட்டாராம், அத டோல்கீன் அவ்ளோ சந்தோஷமா மகனுக்கு எழுதறார். லூயிஸ் கிட்ட தான் பட்ட கடன் அவரோட தாக்கம் இல்ல, அவர் குடுத்த உற்சாகம்தான்னு பின்னாடி சொன்னார். லூயிஸும் மில்டனோட பாரடைஸ் லாஸ்ட்ங்கற காவியத்துக்கு 1942ல ஒரு முழு புக்கே எழுதினவர், அப்புறம் நார்னியாங்கற ஃபேன்டஸி கதைகள எழுதினவர்!

1956ல எட்மண்ட் வில்சன்ங்கற பெரிய விமர்சகர் லார்ட் ஆஃப் த ரிங்ஸ சின்னப் பசங்க குப்பைன்னு எழுதித் தள்ளினார், ஆனா கவிஞர் ஆடன் அதத் தூக்கிப் பிடிச்சு எழுதினார். அந்த ஆடன் ஆக்ஸ்ஃபோர்டுல மாணவரா இருந்தப்ப டோல்கீன் பேயோவுல்ஃப சத்தமா சொல்லக் கேட்டு சொக்கிப் போனவர். பழசோட ருசி தெரிஞ்சவருக்கு புதுசும் புரிஞ்சுது, இதுல ஆச்சரியமே இல்ல.

2003ல பிபிசி வாசகர்கள் கிட்ட ஓட்டு வாங்கி பிடிச்ச நாவல் பட்டியல் போட்டுது. முதல் இடம் லார்ட் ஆஃப் த ரிங்ஸ், ரெண்டாவது ஜேன் ஆஸ்டினோட பிரைட் அண்ட் பிரெஜுடிஸ், மூணாவது பிலிப் புல்மனோட ஃபேன்டஸி ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ். அந்த மூணாவது புக்கோட தலைப்பே மில்டன்ல இருந்து எடுத்தது, கதையும் பாரடைஸ் லாஸ்டோட சண்டை போட்டுட்டே போகும். சாதாரண வாசகர்கள் ஆஸ்டினுக்கு ரெண்டு பக்கமும் ஃபேன்டஸிய உக்கார வச்சிட்டாங்க, அவங்களுக்கு எந்த வேலியும் தெரியல. ஆஸ்டின் நடைல மந்திரவாதிக் கதை எழுத முடியுமான்னு கேக்கறவங்க சுசானா கிளார்க் 2004ல எழுதின ஜோனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல் படிங்க, அடிக்குறிப்பெல்லாம் போட்டு அசத்தியிருப்பாங்க. உர்சுலா லெ குவின் 2008ல எழுதின லவீனியாவும் விடாதீங்க, வர்ஜிலோட ஈனியட்ங்கற பழைய லத்தீன் காவியத்துல ஒரு வார்த்தை கூட பேசாத பொண்ணு இங்க முழு கதையும் பேசுவா.

ஃபேன்டஸி நண்பர்களே, பேயோவுல்ஃப் எடுக்க பயமா இருந்தா ஷேமஸ் ஹீனியோட 1999 மொழிபெயர்ப்ப எடுங்க, முதல் பக்கத்துல இருந்துதான் போகணும்னு இல்ல, நேரா டிராகன் வர்ற கடைசிப் பகுதிக்குப் போங்க, ராத்திரி ஒரு அரைமணி நேரம் வாய் விட்டு சத்தமா படிங்க. கிளாசிக் நண்பர்களே, நீங்க ஹாபிட்ட எடுங்க, பில்போவும் ஸ்மாக்கும் பேசிக்கற அத்தியாயம் வரைக்கும் வாங்க. அதுக்கப்புறமும் இது சின்னப் பசங்க சமாச்சாரம்னு தோணிச்சுன்னா சொல்லுங்க, உக்காந்து பேசுவோம், எனக்கு அத விட சந்தோஷமான வேலை வேற இல்ல.