அக்குளைத் தொடாத பனியன் எதுக்குய்யா?

சட்டைக்குள்ள ஆம்பளைங்க பனியன் போடணுமா வேண்டாமான்னு யாராவது பேச்சை எடுத்தாலே போதும், ரெண்டு கட்சியா பிரிஞ்சு மல்லுக்கு நிக்க ஆரம்பிச்சிடுறாங்க. பனியன் போடாதவன் ஒழுங்கா உடுத்தத் தெரியாதவன்னு ஒரு கட்சி. பனியனெல்லாம் தாத்தா காலத்துச் சங்கதின்னு இன்னொரு கட்சி. என்ன பனியன், எந்தச் சட்டைக்குள்ள, எவ்வளவு வியர்க்கிற உடம்புன்னு ரெண்டு பக்கமும் ஒருத்தரும் கேக்கறதில்ல. அதைக் கேக்காம இந்தப் பஞ்சாயத்தை எத்தனை வருஷம் நடத்தினாலும் தீராது.

சட்டைக்குள்ள பனியனுக்கு இருக்கிற வேலை மொத்தமே மூணு. வியர்வையும் அக்குள்ல பூசுற சமாச்சாரமும் சட்டைத் துணியில ஏறாம தடுக்கணும். மெல்லிசான சட்டையில உடம்பு தெரியாம மறைக்கணும். குளிர்ல கொஞ்சம் கதகதப்பு தரணும். இதுல முதல் வேலைதான் பெரிய வேலை. இப்ப கட்டுக்கட்டா விக்கிற கை வைக்காத பனியனை விரிச்சுப் பாருங்க. தோள்ல ரெண்டு பட்டை, பக்கவாட்டுல விலா வரைக்கும் இறங்கின ஓட்டை. அக்குள் வர்ற இடத்துல துணியே கிடையாது! சட்டையைக் கெடுக்கிற அளவுக்கு வியர்க்கிற இடம் எதுவோ, அந்த இடத்தைப் பார்த்து கச்சிதமா வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை நம்ம தலையில கட்டுறாங்க. நாமளும் அதைப் போட்டுக்கிட்டு, "பனியன் போட்டும் சட்டை மஞ்சளாயிடுச்சே"ன்னு புலம்புறோம். ஆகாம என்ன செய்யும்?

அந்த மஞ்சளைப் பத்தி இருக்கிற அறியாமை இன்னும் கொடுமை. வியர்வை மஞ்சள் நிறமில்ல, அதுல முக்கால்வாசிக்கு மேல வெறும் தண்ணி, கூட கொஞ்சம் உப்பு. வியர்வையை அடக்க அக்குள்ல பூசுற ஆன்டிபெர்ஸ்பிரண்ட்ல இருக்கிற அலுமினிய உப்பு, வியர்வையில வர்ற புரதத்தோடயும் தோல் எண்ணெயோடயும் சேர்ந்து இழைக்குள்ள படியுது பாருங்க, பெரும்பாலும் அந்தப் படிவுதான் மஞ்சள். பழைய வெள்ளைச் சட்டை ஒண்ணை உள்பக்கமா திருப்பி, கை சேர்ற தையல்கிட்ட விரலால தடவிப் பாருங்க. மத்த இடமெல்லாம் மெத்துன்னு இருக்க, அங்க மட்டும் மெழுகு பூசின மாதிரி மொடமொடன்னு நிக்கும். நடுவுல காவி, ஓரத்துல வெளிர் மஞ்சள் வளையம். தையல் ஓரத்துல துணி விறைச்சுப்போய் மடிப்பு மடிப்பா இருக்கும். கடைசியில அந்த இடத்துலதான் சட்டை கிழியும்.

டியோடரன்ட் வேற, ஆன்டிபெர்ஸ்பிரண்ட் வேறன்னுகூட பாதிப் பேருக்குத் தெரியாது. முதலாவது நாத்தத்தை மட்டும் பார்த்துக்கும், ரெண்டாவது வியர்வைத் துவாரத்தையே அடைக்கும். பின்பக்கச் சீட்டுல அலுமினியம்னு போட்டிருந்தா அது ரெண்டாவது வகை. அதைக் காலையில குளிச்ச ஈரத்தோட அள்ளித் தேய்ச்சு, காயறதுக்குள்ள சட்டையை மாட்டினா பாதி சட்டையிலதான் ஒட்டும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, காய்ஞ்ச அக்குள்ல, மெல்லிசா ரெண்டு இழுப்பு போதும். காலையில பூசியே ஆகணும்னா சட்டை போடறதை கொஞ்சம் தள்ளிப் போடுங்க.

சரி, கை வெச்ச பனியனுக்கு வருவோம். கை இருந்தா மட்டும் வேலை முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல. கை சேர்ற வளைவு அக்குளோட ஒட்டி உயரமா இருக்கணும். நாலு விரற்கடை கீழ தொங்கினா, வியர்வை பனியனைத் தொடாமலே கையை அசைக்கும்போது நேரா சட்டைக்குப் போயிடும். போட்டுப் பார்க்கறப்ப கையைத் தொங்கவிட்டு, அக்குளுக்கும் துணிக்கும் நடுவுல ஒரு விரல் விடுங்க. விரல் கொஞ்சம் இறுக்கமா போனா சரி, தாராளமா ஆடிச்சுன்னா அந்தப் பனியன் வேஸ்ட். ரொம்ப இறுகி அறுத்தாலும் ஆகாது, நாள் முழுக்க உரசிப் புண்ணாக்கிடும். கையோட நீளம் சட்டைக் கையைவிட நல்லா குட்டையா இருக்கணும். அரைக்கைச் சட்டைக்கு வெளியில பனியன் கை எட்டிப் பார்க்கிற கோலம் இருக்கே, அதுக்குப் பனியன் போடாமலே இருக்கலாம்.

அடுத்து நிறம். வெள்ளைச் சட்டைக்குள்ள வெள்ளைப் பனியன்தான் மறையும்னு எவன் கிளப்பிவிட்டானோ தெரியல. மெல்லிசான வெள்ளைச் சட்டைக்குள்ள வெள்ளைப் பனியன் போட்டவரோட முதுகைப் பாருங்க. பட்டை எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, தையல் எங்க ஓடுதுன்னு வரைபடமே போடலாம். கண்ணுல படறது பனியனோட நிறமில்ல, பனியனுக்கும் தோலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். அது எவ்வளவு குறையுதோ அவ்வளவு மறையும். உங்க தோல் நிறத்துக்குப் பக்கத்துல இருக்கிற பழுப்பு, இல்லேன்னா நடுத்தரச் சாம்பல், வெள்ளையைவிட ரொம்ப நல்லா மறையும். சந்தேகமா இருந்தா பனியனோட விளிம்பை முன்னங்கைக்குக் குறுக்க போட்டு, மேல அந்தச் சட்டைத் துணியை விரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. விளிம்பு எங்க இருக்குன்னு தேட வேண்டியிருந்தா அதுதான் உங்க நிறம். இருந்தும் எந்த அடுக்குல பார்த்தாலும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை! பழுப்பு கேட்டா விக்கிறவர் நம்மளை ஒரு மாதிரியா பார்க்கிறார்.

கழுத்தும் அதே கதைதான். மேல் பொத்தானைத் திறந்து விடறவருக்கு வட்டக் கழுத்துப் பனியன் ஒத்து வராது, நெஞ்சுல வெள்ளையா ஒரு பிறை தெரியும். அவருக்கு வி கழுத்துதான். ஆனா எல்லா வி கழுத்தும் ஒரே ஆழமில்ல. சட்டையை வழக்கம்போல போட்டு, கழுத்துக் குழியிலேருந்து பூட்டின முதல் பொத்தான் வரைக்கும் அளங்க. அதைவிட ஒரு 3 செ.மீ. கூட ஆழமிருந்தா குனிஞ்சாலும் நிமிர்ந்தாலும் தெரியாது. டை கட்டறவருக்கு இந்தக் கவலையே இல்ல, வட்டக் கழுத்தே போதும். சட்டைக் காலர்ல அழுக்கு பிடிக்குதுன்னு பனியன் போடறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், எந்தப் பனியனும் அந்த உயரத்துக்கு வராது. குளிக்கறப்ப பிடரியை நல்லா தேய்ங்க.

துணி விஷயத்துல நடக்கிற ஏமாத்துதான் ரத்தக்கொதிப்பை ஏத்துது. "குளு குளு பனியன்"னு அட்டையில போட்டு விக்கறான். சட்டைக்கு உள்ள இன்னொரு அடுக்குத் துணி போட்டா உடம்பு குளிருமா? வியர்வை ஆவியாப் போனாத்தான் உடம்பு குளிரும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகுறப்ப சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போகுது (சாப்பாட்டுக் கணக்குல வர்ற கிலோ கலோரி இல்ல, சின்ன கலோரி). அந்த ஆவியாதலுக்கு எவ்வளவு குறைவா பனியன் குறுக்க நிக்குதோ, அவ்வளவு நல்ல பனியன். பருத்தி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். காய்ஞ்ச மாதிரி தோணுறப்பவே 100 கிராமுக்கு சுமார் 8 கிராம் ஈரம் அதுக்குள்ள இருக்கும், பாலியஸ்டர்ல அரை கிராம்கூட இருக்காது. அதனால லேசா வியர்க்கிறவருக்குப் பருத்தி சொகுசு, குடம் குடமா வியர்க்கிறவருக்கு அதே பருத்தி மத்தியானத்துக்கு மேல ஈரத்துணி. பாலியஸ்டர் சட்டுன்னு காயும், ஆனா தோல் எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, துவைச்ச பிறகும் உடம்புச் சூடு பட்டதும் பழைய நாத்தத்தைக் கக்கும். மோடல்னு மரக்கூழிலேருந்து எடுக்கிற ஒரு இழை கலந்த துணி மெல்லிசா, வழவழன்னு இருக்கும், சட்டையோட சிக்காது. மூங்கில் பனியன்னு கூடுதல் விலை வெச்சு விக்கறது பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது கூழை ரசாயனத்துல கரைச்சு எடுக்கிற இழை. மூங்கில் கூழிலேருந்து எடுத்த இழைங்கிறது நிஜம், ஆனா இழையாறதுக்குள்ள மூங்கிலோட குணம்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் மிச்சமிருக்காது.

எடை பாருங்க. சதுர மீட்டருக்கு 120-லேருந்து 150 கிராம் வரைக்கும் இருந்தா சட்டைக்குள்ள அடங்கும். 180-க்கு மேல போனா அது வெளியில போடற டி-ஷர்ட், அதை உள்ள போட்டுக்கிட்டு புழுங்குதேன்னு பனியன் இனத்தையே திட்டாதீங்க. கோடு கோடா மேடு பள்ளமா பின்னின ரிப் துணி நல்லா இழுபடும், உடம்போட ஒட்டும், ஆனா அந்தக் கோடு மெல்லிசுச் சட்டையில அப்படியே தெரியும். சமதளமா பின்னினதுதான் சட்டைக்குள்ள நல்லது.

அளவு எடுக்கறப்ப அக்குளுக்குக் கீழ மார்பைச் சுத்தி டேப் பிடிங்க. வர்ற எண்தான் உங்க பனியன் எண், லூசா இருக்கட்டும்னு அடுத்த எண்ணுக்குத் தாவாதீங்க. தொளதொளன்னு இருந்தா சட்டைக்குள்ள மடிஞ்சு இடுப்புல உருளையா சுருண்டுக்கும். நீளம் மட்டும் தாராளமா வேணும், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாலும் பேன்ட்டை விட்டு வெளியில வரக்கூடாது. பருத்திப் பின்னல் முதல் சில துவைப்புல நீளவாக்குல 5 சதவீதத்துக்கு மேலகூட சுருங்கும், 70 செ.மீ.ல மூணரை செ.மீ. அங்கேயே போச்சு. இன்னொரு அக்கிரமம், முறுக்கிக்கிற பனியன். விலாவுல இருந்த தையல் நாலு துவைப்புல தொப்புள்கிட்ட வந்து நிக்கும். நூலோட முறுக்கைச் சரியா அடக்காம பின்னி, பதப்படுத்தாம வெட்டித் தைச்சா இப்படித்தான் ஆகும். அதுக்கு நம்ம துவைக்கிற விதம்தான் காரணம்னு விக்கறவன் சொல்வான், நம்பாதீங்க.

வேண்டாம்கிற கட்சிக்கும் நியாயம் உண்டு, இல்லைங்கல. தடிமனான ஆக்ஸ்ஃபோர்டு துணி, ஃபிளானல், அடர் நிறத்துல கொஞ்சம் லூசான சட்டை, இதுக்கெல்லாம் உள்ள பனியன் தேவையில்ல. லினன் சட்டைக்குள்ள பனியன் போடறது காசைக் கொடுத்து வாங்கின காத்தோட்டத்தை அடைக்கிற வேலை. வேர்க்குரு வந்த உடம்புக்கும் ஒரு அடுக்கு குறைச்சலா இருக்கறதே நல்லது. ஏற்கெனவே வியர்வை நாளம் அடைச்சுக்கிட்டிருக்கு, மேல இன்னொரு ஈரத்துணியா? ஆனா அதைச் சொல்ற அதே ஆள், மெல்லிசான வெள்ளை பாப்ளின் சட்டையை வெறும் உடம்புல மாட்டிக்கிட்டு, மத்தியானம் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கிறப்பதான் பொறுக்கல. பனியன் வேண்டாம்னா அதுக்கேத்த சட்டை வாங்கணும். மஞ்சளேறின பனியனைத் தூக்கிப் போட்டு வேற வாங்கறது சுலபம், அதே கறை நல்ல சட்டையில ஏறினா வலிக்கும்.

கடைசியா துவைக்கிறது. கறை பிடிச்சதும் குளோரின் ப்ளீச்சை ஊத்துன்னு யோசனை சொல்றவங்க வாயில பிளாஸ்திரி ஒட்டணும். இந்தக் கறையில குளோரின் பட்டா இன்னும் மஞ்சளாகத்தான் வாய்ப்பு அதிகம், கழுத்துப் பட்டையில இருக்கிற எலாஸ்டிக் நூலும் நைஞ்சு போகும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து அரை மணி நேரம் ஊற வெச்சா அலுமினியப் படிவு இளகும். நல்லா அலசிட்டு, தொட்டா வெதுவெதுன்னு இருக்கிற, சுமார் 40 டிகிரி தண்ணியில லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் ப்ளீச் தூள்) போட்டு சில மணி நேரம் விடுங்க. ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க. அமிலத்தையும் குளோரின் ப்ளீச்சையும் சேர்க்கவே கூடாது, வர்றது விஷவாயு. கறை போகாம சூடா இஸ்திரி போட்டீங்கன்னா அது அங்கேயே குடியேறிடும். துணி மென்மையாக்கி ஊத்தவும் வேண்டாம், இழைமேல படிஞ்சு உறிஞ்சற சக்தியைக் குறைச்சிடும். அப்புறம் அது வியர்வையை வாங்காத பனியன். சொட்டச் சொட்ட தோளைப் பிடிச்சுத் தொங்கவிட்டா தண்ணிக் கனத்துல கழுத்து இறங்கும், நல்லா பிழிஞ்சு கொடியில பாதியா மடிச்சுப் போடுங்க.

இத்தனையும் நாம தலையைப் பிச்சுக்கிட்டு கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. அட்டைப்பெட்டி மேல வயித்துல ஆறு கட்டு வெச்ச ஆள் படம் போட இடமிருக்கு, "பிரீமியம்"னு நாலு இடத்துல அச்சடிக்க இடமிருக்கு. கை வளைவு எத்தனை செ.மீ. ஆழம், துணி எத்தனை கிராம், துவைச்சா எவ்வளவு சுருங்கும்னு மூணு வரி போடறதுக்கு மட்டும் இடமில்லையாமா?