லிபரல் ஆர்ட்ஸில் கணக்கு உண்டு

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் சில சொல்லும் கிளாசிக்கல் லிபரல் ஆர்ட்ஸ் கல்வி என்றால் லத்தீனும் வேதபாடமும் மட்டும்தான், கணக்குக்கும் அறிவியலுக்கும் அதில் இடமே இல்லை என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், நம்ம கொடைக்கானல் பெற்றோர் சிலரும் அதையே பகிர்கிறார்கள். அது அப்படி இல்லைங்க. ஐரோப்பாவின் இடைக்காலத்திலிருந்து வரும் லிபரல் ஆர்ட்ஸ் பட்டியலில் ஏழு கலைகள்: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, அப்புறம் எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். இறையியல் இந்த ஏழில் சேர்த்தியே இல்லை, இவற்றை முடித்த பிறகு படிப்பது அது. இயேசு சபையார் (ஜெசூட் எனப்படும் கத்தோலிக்கத் துறவியர்) 1599-இல் வெளியிட்ட ராட்சியோ ஸ்டுடியோரம் என்ற கல்வித் திட்டத்தில் கணித ஆசிரியருக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன, பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியலை நடத்தச் சொல்கிறது. (நம்ம கொடைக்கானல் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் அதே சபையார் சேர்த்துவைத்த பூச்சிகளையும் பாடம்செய்த விலங்குகளையும் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.)

யாரும் சரிபார்க்கலாம். ராட்சியோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கணித ஆசிரியர் பகுதி மிகச் சிறியது, ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். குறிப்பிட்ட ஒரு பள்ளியைப் பற்றித்தான் சந்தேகம் என்றால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான பாடப்பட்டியலை அந்தப் பள்ளியிடமே கேட்டு வாங்கிப் பாருங்கள்.