பார்க்கிங் கட்டச் சொன்னவர்களுக்கு

அந்த நாற்பது விநாடிக் காணொளியை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். கோலாலம்பூரின் பழைய ஓடியன் தியேட்டர் வாசலில் நின்று, கைப்பேசி விளக்கை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, "இதுதான் கே.எல். பேய் வீடு" என்று குசுகுசுத்த தம்பிமேல் எனக்குப் பெரிய கோபமில்லை. அவருக்கு லைக் வேண்டும். வயசு அப்படி. என் கோபமெல்லாம் அதன் கீழே வந்த அந்தக் கருத்தின்மேல்தான். "இடிச்சிட்டு பார்க்கிங் கட்டுங்கப்பா, மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவுக்குப் போனா வண்டி போட இடமில்ல." அதற்கு விழுந்த சிரிப்பு முகங்களைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். எல்லாம் நம்மவர்கள்.

சரி, பார்க்கிங்கிலிருந்தே ஆரம்பிப்போம்.

பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் மெட்ராஸ் லேன் என்று ஒரு சந்து இருக்கிறது. யொங் தாவ் ஃபூ என்ற சீனச் சாப்பாட்டுக்காக வெயிலில் வரிசை பிடித்து நின்று படம் போடுகிறீர்களே, அதே சந்துதான். சீனக் கடைகளுக்கு நடுவில் மெட்ராஸ் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? அங்கே மெட்ராஸ் தியேட்டர் இருந்தது. நம் படங்கள் ஓடிய தியேட்டர். தீயில் போனது. பிறகு அந்த இடத்தில் கார்கள் நின்றன. நீங்கள் கேட்கும் பார்க்கிங் ஏற்கெனவே ஒருமுறை கிடைத்தாகிவிட்டது, ஐயா. வண்டி போட இடம் கிடைத்ததா?

ஓடியன் 1936-இல் எழுந்த கட்டடம். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் ஜாலான் டாங் வாங்கியும் முட்டும் முக்கு. கேத்தே சினிமா நிறுவனத்தின் தியேட்டர், ஆர்ட் டெகோ என்ற அந்தக் காலத்து அலங்காரக் கட்டடப் பாணி. நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டாளி வீட்டுப் பிள்ளைகள் பலரும் அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் குளித்து, சட்டைக்குக் கஞ்சி போட்டு, கூட்டாளிகளோடு பத்து ரோடு (இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானின் பழைய பெயர்) முழுக்க நடப்பார்களாம். ஓடியன் வாசலில் பேனரைப் பார்ப்பார்கள். இங்கிலீஷ் படம், துரைமாரும் பணக்காரர்களும் வந்து இறங்குவார்கள். இவர்கள் எதிர்ப்பக்கம் நின்று கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, வாங்கித் தின்றுவிட்டு மெட்ராஸ் தியேட்டருக்கு நடையைக் கட்டுவார்கள். "உள்ள போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலடா. நாங்களா போகல" என்பார். அந்த "நாங்களா"வை அவர் சொல்லும் விதம் எனக்கு இன்றுவரை பிடிக்காது.

பிற்காலத்தில் ஓடியனில் தமிழ்ப் படமே ஓடியது. ஒரு தீபாவளி வாரத்தில் அப்பாவைக் கூட்டிப்போனேன். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. மதியக் காட்சிக்குக் காலையிலேயே சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டு உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டை நான்தான் வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறார், யாரோ வந்து வெளியே போகச் சொல்வார்கள் என்பதுபோல. "வாங்கப்பா, நம்ம படம்தான்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் ரசிகர்கள் விசில் அடிக்கிறார்கள், திரையில் ஹீரோ வந்தாயிற்று, இவர் இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டின் பாதித் துண்டு அவருடைய பழைய மைகார்டு (அடையாள அட்டை) உறைக்குள் இருந்தது. இறந்த பிறகுதான் எடுத்தேன்.

அது உங்களுக்குப் பேய் வீடு.

இனி வரப்போகும் கருத்துகள் எனக்கு மனப்பாடம். "தனியார் சொத்து, உனக்கென்ன வந்தது?" உண்மைதான். என் தாத்தா எழுதி வைத்துப் போன சொத்தில்லை. ஆனால் பழைய கட்டடங்களைக் காக்கத்தானே இந்த நாட்டில் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 என்று ஒன்று வந்தது? வந்து என்ன, மறு வருஷமே 2006 டிசம்பரில் ஜாலான் அம்பாங்கில் 1929-இல் கட்டிய போக் ஹவுஸ் மாளிகை தரைமட்டமானது. சட்டத்தின் மை காயவில்லை. எனக்கும் அந்தச் சட்டத்தின்மேல் பெரிய நம்பிக்கை இல்லைதான், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"யார் வந்து பார்ப்பது?" இது நல்ல கேள்வி. மழுப்ப மாட்டேன். ஒரே கூடம், ஒரே திரை. படம் ஊற்றிக்கொண்டால் அன்றைக்கு முழுத் தியேட்டரும் காலி. பேரங்காடியில் பத்துத் திரை வைத்திருப்பவன் அடுத்த கூடத்தில் சம்பாதித்துக்கொள்வான். முதலில் வீடியோ டேப், பிறகு விசிடி, ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி, இப்போது கைப்பேசி என்று ஒவ்வொன்றாய் வந்து அடித்தது. யோக்கியன் மாதிரிப் பேசுகிறேனே, மஸ்ஜிட் இந்தியா நடைபாதையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விசிடி வாங்கி வீட்டில் குவித்தவன்தான் நானும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முடியாது என்று சொல்லாதீர்கள். சிங்கப்பூரில் கேப்பிட்டல் தியேட்டர் 1998-இல் மூடியது. 2015-இல் திரும்பத் திறந்தார்கள். அங்கே காசு இருக்கிறது என்பீர்கள். சரி, நம் ஜாலான் சுல்தானுக்கு வாருங்கள். 1947-இல் வந்த ரெக்ஸ் தியேட்டர், 2002-இல் படம் நின்றது, தீப்பிடித்தது, கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2019-இல் ரெக்ஸ்கேஎல் என்று உயிர் வந்துவிட்டது. புத்தகம், காப்பி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நானும் போய் அங்கே காப்பி குடித்திருக்கிறேன், அதன் விலையை என் மனைவியிடம் சொல்லவில்லை. நல்ல விஷயம்தான். எனக்கு ஒரு குறை மட்டும். தியேட்டர் தியேட்டராகத் திரும்பவில்லை. ஓடியனுக்கும் மஞ்சள் பல்பு கட்டி, சுவர்ச் சுண்ணாம்பைப் பாதி சுரண்டி "பழமை" என்று பெயர் வைத்து, கேக் விற்பதற்கா நான் இவ்வளவு எழுதுகிறேன்? திரை வேண்டும். வாரத்துக்கு இரண்டு காட்சியானாலும் படம் ஓட வேண்டும். மலாய்ப் படம், சீனப் படம், தமிழ்ப் படம், எது வேண்டுமானாலும். மற்ற நாளில் நாடகம் போடுங்கள், பரதம் ஆடுங்கள், கல்யாணம்கூட நடத்துங்கள்.

"எலி ஓடும், நாற்றமடிக்கும்." எலி ஓடாத பேரங்காடி ஒன்றைக் காட்டுங்கள், வருகிறேன்.

கடைசியாக அந்தப் பெரிய மனிதர்கள். "நம் சமுதாயத்துக்கு ஆயிரம் பிரச்சினை, தமிழ்ப்பள்ளியில் பிள்ளை குறைகிறது, உனக்குத் தியேட்டர் கேட்குதா?" இப்படித்தான் ஒவ்வொரு முறையும் வாயை அடைக்கிறீர்கள். ரப்பர் தோட்டத்தை விற்றபோது கோயிலைப் பற்றிப் பேசினால் வீட்டைப் பார் என்றீர்கள். வீட்டைப் பற்றிப் பேசினால் வேலையைப் பார் என்றீர்கள். எதைப் பற்றித்தான் பேசலாம், ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூட நிதிக்கு நான் கொடுத்த ரசீதை இங்கே ஒட்ட வேண்டுமா? (ஒட்டமாட்டேன். கொடுக்காதவர்கள் நிறையப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள், சங்கடப்படுவீர்கள்.)

சீனர் சந்து சந்தாய்ப் படம் எடுத்து வைக்கிறார்கள். மலாய்க்காரர்கள் நடிகர், பாடகர் பி. ராம்லி வீட்டைக் காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு தியேட்டரைப் பார்த்து, அதில் நம் அப்பாக்கள் உள்ளே போகத் தயங்கி நின்ற கதை இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல், ஹாஹா போடுகிறோம். என் மகனிடம் இதைச் சொன்னேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே "ஓகேப்பா" என்றான். அவனைத் திட்டி என்ன செய்ய, நான் அவனை அங்கே ஒருமுறையும் கூட்டிப்போனதில்லை.

யாரிடமாவது ஓடியனில் எடுத்த பழைய படம், டிக்கெட், எதுவானாலும் இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். பேய்க் கதை வேண்டாம்.

சிரிப்பு முகம் போட்ட பட்டியலில் நான்காவதாக இருக்கும் என் மச்சானுக்கு ஒரு வார்த்தை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே, எங்கள் வீட்டுக்குத் தெரியாமல், என் தங்கச்சியை எந்தத் தியேட்டருக்குக் கூட்டிப்போனீர்கள் மச்சான்? அன்றைக்கு வண்டியை எங்கே போட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வாங்க, பேசுவோம். எங்கள் வீட்டு முன்னால் பார்க்கிங் கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.