பணம் போனாலும் பேட்மேன்தான்

‘கோடீஸ்வரன் இல்லாத பேட்மேன் பேட்மேனே அல்ல’ என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ஆப்சல்யூட் பேட்மேன்’ காமிக்ஸ் கதையில் பேட்மேனாகும் புரூஸ் ஒரு கட்டுமானப் பொறியாளர், அம்மா உயிரோடு இருக்கிறார். மார்பிலுள்ள வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அதுவே கோடரி! பணம் போன இடத்தில் உடம்பும் கைவேலையும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ‘ஆப்சல்யூட் வொண்டர் வுமன்’ இதைவிட ஒரு படி மேல். நரகத்தில் சூனியக்காரி சர்சியிடம் வளரும் டயானாதான் அதில் வொண்டர் வுமன். ‘ஆப்சல்யூட் சூப்பர்மேன்’ எனக்குச் சுமார்தான்.

இவற்றை போனில் படிக்காதீர்கள். கட்டம் கட்டமாக நகர்த்திக் காட்டும்போது இரண்டு பக்கம் விரியும் படங்கள் துண்டாகிவிடும். டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் பிடித்தால் பரவாயில்லை. முதல் சில இதழ்கள் சேர்ந்த அச்சுத் தொகுப்பு இன்னும் நல்லது.

தனி இதழ்களாக வாங்கும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்து நண்பர்களுக்கு: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினால் முதலில் துருப்பிடிப்பது இதழின் நடுவிலுள்ள ஸ்டேப்ளர் பின்தான். அந்தக் கறை தாளில் இறங்கினால் போகாது. 6⅞ × 10½ அங்குல பாலிப்ரொப்பிலீன் உறை, இதழுக்குப் பின்னால் வைக்க அமிலமில்லாத அட்டை, பெட்டியில் சிலிக்கா ஜெல் வேண்டும். பிவிசி உறை கூடாது, நாளானால் அட்டைப்படத்தில் ஒட்டும். நிற்க வைத்து அடுக்குங்கள். ஆனால் தளர்வாக விட்டால் சாய்ந்து முதுகு வளையும். சுவரோடு ஒட்டி வைக்கவே வேண்டாம், ஓதம் ஏறும்.