சத்தம் போடும் சீட்டு

ஆமாம், அந்தக் கரும்பலகை என்னுடையதுதான். அப்பா அம்மாவின் பண்பு பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்ற மரபியல் பாடத்துக்காக "சத்தம் போடும் சீட்டு, சத்தமில்லாத சீட்டு" என்று எழுதியதும் நான்தான். அதை ஒருவர் படம் எடுத்து நம் ஆசிரியர் குழுவில் போட்டார்; குழுவில் இல்லாதவர்களுக்கும் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும், "எட்டாம் வகுப்பு அறிவியலின் லட்சணம்" என்ற தலைப்போடு. கீழே ஒருவர், "டீச்சர் சீட்டு கம்பெனி ஆரம்பிச்சுட்டாங்களா, மாசம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். நல்ல நகைச்சுவை. நானும் ஒரு நிமிஷம் சிரித்தேன்.

நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளைக்கு முதலில் விஷயம் புரியட்டும், பெயர் அப்புறம் வரட்டும்.

போன வருஷம் நானும் உங்களைப் போலத்தான் செய்தேன். முதல் நாளே ஜீன், அல்லீல், ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, ஜீனோடைப், பீனோடைப் என்று வரிசையாகச் சொல்லி எழுத வைத்தேன். கையெழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. மறுநாள் விளையாட்டு நேரத்தில் ஒல்லியான ஒரு பையனை "டேய் ஒடுங்கு, பந்தைப் போடுடா" என்று கூப்பிட்டார்கள். வருஷம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். நான் சொல்லிக்கொடுத்ததில் பிழைத்துக் கிடந்த ஒரே கலைச்சொல் அது.

அவர்கள் மேல் தப்பில்லை. ஓங்கு என்றால் உசத்தி, ஒடுங்கு என்றால் நோஞ்சான் என்றுதானே காதில் விழுகிறது? உண்மையில் அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிவது ஓங்கு, இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரிவது ஒடுங்கு, அவ்வளவுதான். ஓ குரூப் ரத்தம் ஒடுங்கு பண்புதான். நம் ஊரில் ஓ குரூப்காரர்களுக்குப் பஞ்சமா? ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே இறங்குகிறது. தெருவுக்கு எத்தனை பேருக்கு ஆறு விரல் இருக்கிறது? இதை யோசிக்காமல் சொல்லை மட்டும் ஊட்டினால் பட்டப்பெயர்தான் மிஞ்சும்.

அதனால்தான் இந்த வருஷம் இரண்டு ஹார்லிக்ஸ் டப்பா. ஒன்று அம்மா, ஒன்று அப்பா. இரண்டிலும் 'உ' சீட்டும் 'சு' சீட்டும் பாதிப் பாதி. டப்பாவுக்கு ஒன்றாக எடு, பார்த்துவிட்டுத் திருப்பிப் போடு. 'உ'தான் சத்தம் போடும் சீட்டு, ஒன்று வந்தாலும் பட்டாணி உருண்டை. 'சு' சத்தமில்லாதது, இரண்டுமே 'சு' என்றால் மட்டும் சுருங்கல். 42 பிள்ளைகள் எடுத்ததில் 31 உருண்டை, 11 சுருங்கல். பக்கத்தில், பட்டாணிச் செடியை வைத்து மரபியலைக் கண்டுபிடித்த மெண்டலின் கணக்கை எழுதினேன்: 5474 உருண்டை, 1850 சுருங்கல். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டீச்சர், அவரோடதும் நம்மளுதாட்டமே மூணுக்கு ஒண்ணா இருக்குது!" என்று கத்தினாள். இருபது வருஷ வேலையில் எனக்கு இப்படி நான்கைந்து நாள்தான் வாய்த்திருக்கிறது.

படம் எடுத்தது அன்றைக்கு. இரண்டு நாள் கழித்து அதே பலகையில் எல்லாக் கலைச்சொல்லும் இருந்தன. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

"மெண்டலே ஓங்கு, ஒடுங்கு என்று பெயர் வைத்தாரே" என்பீர்கள். வைத்தார். 1856-லிருந்து 1863 வரை செடி வளர்த்து, பட்டாணி எண்ணி, அப்புறம் வைத்தார். நாம் முதல் பீரியடிலேயே வைக்கிறோம். பண்பைக் கடத்தும் இந்தச் சீட்டுக்கு ஜீன் என்ற சொல்லோ 1909-ல்தான் வந்தது, அவர் செத்து 25 வருஷம் கழித்து. அந்தச் சொல் இல்லாமலே மனுஷன் மரபியலைக் கண்டுபிடித்துவிட்டார், பாவம்.

"சத்தமில்லாத சீட்டு என்பது எப்போதும் சரிவராது, அந்திமந்தாரையில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ரோஸ் நிறம் வருகிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். அதைப் பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

"பரீட்சையில் சீட்டு என்று எழுதினால் மார்க் வருமா?" இதுதான் எனக்கு எரிச்சல். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளைதான் நானும். ஹெட்டிரோசைகஸ் (இரண்டு சீட்டும் வேறு வேறாக இருப்பது) என்பதை இருபது தடவை இம்போசிஷன் எழுதினவள். மார்க்கும் வந்தது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு மாந்தோப்பு. "கொட்டையில வந்த கன்னு தாயாட்டம் காய்க்காது சாமி, ஒட்டுக் கட்டுனதுதான் தாயாட்டம் காய்க்கும்" என்பார். கொட்டைக்குள் இரண்டு பக்கச் சீட்டும் கலந்திருக்கிறது, ஒட்டுக்கன்றில் தாயின் சீட்டு அப்படியே இருக்கிறது. தோப்பே பாடமாக நின்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. டீச்சராகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் உறைத்தது. தாத்தாவிடம் போய்ச் சொல்ல நினைத்தால் அவர் இல்லை.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

அந்தப் படத்தை முதலில் போட்டவருக்கு ஒன்று. உங்கள் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று பன்னீர் தெளித்தவள் நான். உங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆன இரண்டு மாசமும் உங்கள் எட்டாம் வகுப்பை நான்தான் பார்த்துக்கொண்டேன். என்னிடம் போன் நம்பர் இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது. "என்னம்மா இது சீட்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினாலு பேர் கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் போன வாரம் என்னிடம் பாடக்குறிப்பு வாங்கியவர்கள்.

இதற்குக் கீழேயும் அந்தப் பொம்மையைப் போடுகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன். டப்பா இரண்டும் என் மேசை மேல்தான் இருக்கிறது. சீட்டு கம்பெனியில் சேர நினைக்கிறவர்கள் திங்கட்கிழமை மூன்றாவது பீரியடுக்கு வரலாம்.