ஏலம் கூறுகிறவனுக்கு அணி இருக்கக்கூடாது

இந்த வருடமும் அதே கேள்வி வந்துவிட்டது. “அண்ணா, நீங்களும் ஒரு அணி எடுங்களேன். நாங்கள் பத்துப் பேர், நீங்கள் பதினோராவது. என்ன குறைந்துவிடப் போகிறது?” கேட்டது எங்கள் ஃபேன்டஸி உதைபந்தாட்ட லீக்கிலேயே ஆக இளையவனான கொட்டாஞ்சேனைத் தம்பி. நல்ல மனதோடுதான் கேட்டான். மூன்று சீசனாக நான் அணி இல்லாமல் ஏலம் மட்டும் கூறிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருக்கிறதாம். வட்ஸ்அப் குழுவில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுபோய்விட்டது. சரி, இங்கேயே போடுகிறேன். லீக் நடத்தி வாங்கிக் கட்டிக்கொண்ட வேறு ஆட்களும் இந்தப் பக்கம் இருப்பார்கள்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வைத்து எல்லோரும் ஆடுகிற ஃபேன்டஸியில் ஆளுக்கு 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணம். அதற்குள் 15 நிஜ வீரர்கள்: 2 கோல்காப்பாளர், 5 பின்வரிசை, 5 நடுவரிசை, 3 முன்வரிசை. அவர்கள் பிரீமியர் லீக் ஆட்டங்களில் எப்படி ஆடுகிறார்களோ அதற்கேற்ப நமக்குப் புள்ளி. விலையை விளையாட்டே போட்டுத் தரும். ஒரே வீரரை எத்தனை பேரும் வைத்திருக்கலாம். அதனால் வெள்ளவத்தையில் பத்துப் பேர் ஒரு டிவிக்கு முன்னால் கூடினால் பத்துப் பேரிடமும் மன்செஸ்டர் சிட்டி முன்வரிசை வீரர் ஹாலண்ட். அவர் கோல் அடித்தால் எல்லோரும் கத்துவோம், புள்ளிப் பட்டியலில் ஒன்றும் அசையாது. இது சலித்துத்தான் ஏலத்துக்கு மாறினோம். அதே 100 மில்லியன், அதே 15 பேர், ஆனால் ஒரு வீரருக்கு ஒரே சொந்தக்காரன். விலையை நாங்கள்தான் கேட்டுக் கேட்டு ஏற்றவேண்டும். காசுப் பந்தயம் எதுவும் கிடையாது. கடைசி இடத்தில் வருகிறவன் எல்லோருக்கும் கொத்து வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

ஏலம் என்று வந்ததும் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. பத்து அணிக்கு 20 கோல்காப்பாளர்கள் வேண்டும். பிரீமியர் லீக்கில் இருப்பதே 20 கழகங்கள், ஒரு கழகத்தில் ஒருவர்தான் கிரமமாக நிற்பார். ஆக இருபதுக்கு இருபது, ஒருவர் காயப்பட்டால் மாற்று இல்லை. முன்வரிசை இன்னும் மோசம். 30 பேர் தேவை, ஆனால் அநேகமான கழகங்கள் ஒரேயொரு ஸ்ட்ரைக்கரோடுதான் இறங்குகின்றன. அதனால்தான் இரவு பதினொரு மணிக்கு, முக்கால்வாசிப் பேரின் கை வறண்ட நேரத்தில், யாரென்றே தெரியாத ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இரண்டு பேர் உயிரைக் கொடுத்து விலை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வருடம் இதெல்லாம் எங்களுக்கு விளங்கவில்லை. தெஹிவளை அண்ணர் ஒருவர் கையிலிருந்ததில் பெரும்பகுதியை முதல் ஆறு பேருக்கே கொட்டிவிட்டு, 13 பேரோடு ஏலத்தை முடித்துக்கொண்டார். கோல்காப்பாளர் ஒருவர்கூட இல்லை. அதன் பிறகுதான் உச்ச வரம்பு விதி வந்தது: மிச்சமிருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது ஒரு மில்லியனை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கேட்கலாம். கையில் 40 மில்லியனும் நிரப்ப 6 இடமும் இருந்தால், இப்போது ஏலத்தில் நிற்பவருக்கு 35 வரைதான் கேட்க முடியும். எக்ஸெலில் ஒரு வரிச் சூத்திரம். ஏலத்தின் பாதிச் சண்டையை இந்த ஒரு வரி நிறுத்திவிட்டது.

மீதிச் சண்டைக்குச் சூத்திரம் இல்லை. மனிதர்கள்தான் காரணம். கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே கேட்கப்படுவது மாம்பழத்தின் விலையா? எங்கள் லீக்கில் ஒரு லிவர்பூல் பக்தர் இருக்கிறார். சலாஹ்வின் பெயர் வந்தால் அவர் எவ்வளவு தூரம் போவார் என்பது மற்ற ஒன்பது பேருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே வேண்டுமென்றே கூட்டிக்கூட்டிக் கேட்பார்கள், கடைசி நேரத்தில் விலகி அவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஒருமுறை அவர் சிரித்துக்கொண்டே விலகிவிட்டார், சலாஹ் கூட்டிக் கேட்டவரின் தலையிலேயே விழுந்தார். அந்தக் குரல்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் “ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்” சொல்லுகிறவனின் வாய்க்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பது எனக்கு 2022 ஆகஸ்டில்தான் உறைத்தது. மின்வெட்டுக் காலம். யாருடைய வலயத்துக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று பார்த்துத்தான் ஏலத்துக்கு நேரம் குறித்தோம். ஐந்து பேர் கொழும்பில், மூன்று பேர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், அப்புறம் நான். அப்போது எனக்கும் அணி இருந்தது, ஏலம் கூறியதும் நான்தான். லீக்கைத் தொடங்கியவன் என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

ஹாலண்ட் அந்த வருடம்தான் மன்செஸ்டர் சிட்டிக்கு வந்திருந்தார். சில நாள் முன்பு கொம்யூனிட்டி ஷீல்ட் ஆட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராகக் கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்திருந்தார். பொடியன்கள் அந்த வீடியோவைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் விலை நான் பயந்த அளவுக்கு ஏறவில்லை. நான் கேட்ட 31இல் விலை நின்றது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். எழுதிவிட்டேன். அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவிலிருந்து “32” என்று குரல் வந்து சேர்ந்தது. இணையத் தாமதம். அவன் முன்பே கேட்டதாகச் சொன்னான், நான் மூன்றுதரம் சொல்லியாகிவிட்டது என்றேன். பத்து நிமிடம் வாக்குவாதம், பிறகு அவன் விட்டுக்கொடுத்தான்.

அந்த சீசனில் ஹாலண்ட் அடித்தது 36 கோல், பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு அதுவரை யாரும் அடிக்காத எண்ணிக்கை. லீக்கை நான் வென்றேன். வாழ்த்துச் சொன்னவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் என் மனைவி.

சீசன் முடிந்து ஒரு நாள் ரொறன்ரோக்காரன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். ஸூம் பதிவை உட்கார்ந்து அளந்திருக்கிறான். மற்ற வீரர்களுக்கு நான் இரண்டுதரத்துக்கும் மூன்றுதரத்துக்கும் இடையில் நான்கு செக்கன் அளவில் விட்டிருக்கிறேன். ஹாலண்டுக்கு இரண்டு செக்கன்கூட இல்லை. கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை, எண்களை மட்டும் எழுதியிருந்தான். நான் வேண்டுமென்று செய்தேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கள்ளம் செய்கிறேன் என்ற நினைப்பு அந்த நேரம் இருக்கவில்லை. ஆனால் ஆசை நாக்கை வேகப்படுத்தும் என்பது பதிவில் இருக்கிறது.

என் மாமா ஒருவர் கொழும்பில் தேயிலைத் தரகுக் கம்பனி ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, 2020இல் கொரோனா வந்ததும் கணினிக்கு மாறிவிட்டது, அதற்கு முன் மண்டபத்தில் வாய்விட்டுத்தான் கேட்பார்கள். நான் இந்தக் கதையைச் சொன்னதும் மாமா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “கூறுகிறவனே வாங்கினால் மற்றவன் என்னத்துக்கு வருவான்?” அங்கே தரகர் தோட்டத்துக்காக விற்பார், வாங்குகிறவர் எதிரில் இருப்பார், இருவரும் வேறு வேறு ஆட்கள். உதைபந்தாட்டத்தில் மாமாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அடுத்த சீசனில் அணியை விட்டுவிட்டேன்.

விட்ட உடனேயே சோதனை வந்தது. 2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு. அன்று ஷக்தார் அணியுடனான நட்பு ஆட்டத்தில் டொட்டன்ஹாமின் ஹரி கேன் நான்கு கோல் அடித்திருந்தார். அன்றிரவுதான் எங்கள் ஏலம். முந்தைய சீசனில் 30 கோல் அடித்த மனிதர், சாதாரணமாக 35க்குக் குறையக்கூடாது. ஆனால் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழகம் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். விலை 19இல் நின்றது. வாங்கியவன் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன், லண்டனில் இருக்கிறான். 11ஆம் திகதி சீசன் தொடங்கியது. 12ஆம் திகதி கேன் பயர்னில் சேர்ந்துவிட்டார்.

பணத்தைத் திருப்பித் தா என்கிறான் இவன். ஒரு ஆட்டம்கூட ஆடாத வீரருக்கு 19 மில்லியனா என்பது அவன் நியாயம். மற்றவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு இரவு முழுக்க யோசித்தேன். கடைசியில் இல்லை என்றேன். போகக்கூடும் என்று தெரிந்ததால்தான் 35 போகவேண்டியவர் 19க்குப் போனார். அந்தக் கழிவு விலை ஆபத்துக்கான விலை. அவர் போகாமல் இருந்திருந்தால் நீ அந்த மிச்ச 16ஐத் திருப்பித் தந்திருப்பாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உனக்கு அணி இருந்திருந்தால் நான் இப்போது லீக்கை விட்டே போயிருப்பேன்” என்றான்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. நான் சொன்ன தீர்ப்பு சரியா பிழையா என்று இன்னும் வாதிடலாம். எனக்கு அணி இருந்திருந்தால் அதே தீர்ப்பை அதே சொற்களில் சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், நம்பவும் கூடாது.

ஏலம் ஒரு இரவோடு முடிவதும் இல்லை. சீசன் நடுவில் யாரிடமும் இல்லாத வீரர்களுக்கு ஒவ்வொரு வாரமும் மூடிய ஏலம். ஆளாளுக்குத் தனிச் செய்தியில் எனக்கு விலை அனுப்புவார்கள், நான் திறந்து கூடியதைப் பார்த்து அறிவிப்பேன். யோசித்துப் பாருங்கள், பத்துப் பேரின் சீட்டையும் பார்த்துவிட்டு நானும் ஒரு விலை போடுவதா? என்னுடையதை முதலில் எழுதி வைத்துவிடலாம்தான். எழுதி வைத்தேன் என்று யாருக்குக் காட்டுவேன்? (கூடக் கேட்டவருக்கே வீரர், ஆனால் இரண்டாவது விலைதான் கட்டவேண்டும் என்ற முறையையும் ஒரு வருடம் போட்டுப் பார்த்தோம். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் அதைப் பற்றி எழுதினார். 1996இல் நோபல் பரிசு அறிவித்து மூன்றே நாளில் இறந்துபோனார், பாவம். கணக்குப்படி அருமையான முறை. எங்கள் ஆட்களுக்கோ, தான் கேட்ட விலையைவிடக் குறைவாகக் கட்டுவதில் ஏதோ சூது இருப்பதாகவே பட்டது. ஒரு சீசனோடு விட்டோம்.)

கணினியிடம் கொடுத்துவிட்டால் ஆளே தேவையில்லையே என்று லண்டனிலிருந்து ஒருவர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஏலம் நடத்தித் தரும் தளங்கள் இருக்கின்றன, கடிகாரத்தையும் கையிருப்பையும் அவை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும். அவற்றிடமிருந்து ஒரு விதியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். யார் கேட்டாலும் 15 செக்கன் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு வருடம் வட்ஸ்அப்பிலேயே நாள்கணக்கில் ஏலம் நடத்தி, நள்ளிரவு 12க்கு முடிவு என்று வைத்தோம். பகல் முழுக்கக் குழு செத்துக் கிடக்கும். 11.59க்கு எல்லோரும் உயிர்த்தெழுவார்கள். இதை ரோத், ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002இலேயே எழுதிவிட்டார்கள் என்று பிறகுதான் படித்தேன். முடிவு நேரம் மாறாத ஈபேயில் கடைசி நிமிட விலைக்கேள்விகள் குவிந்தன. புதிதாக யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீண்டுகொண்டே போன அமேசான் ஏலத்தில் அது மிகக் குறைவு. நாங்கள் அதைச் சண்டை பிடித்துக் கண்டுபிடித்தோம்.

ஆனால் கேன் விஷயத்தை எந்தக் கடிகாரம் தீர்க்கும்? கரண்ட் போனவனுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது, வாய் தவறி 4க்குப் பதில் 14 என்றவனை மன்னிப்பதா, இதெல்லாம் ஒரு ஆள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியவை. எல்லோரும் ஒரே வீட்டில், ஒரே மேசையைச் சுற்றி இருந்தால் அணி உள்ளவனே ஏலம் கூறினாலும் பரவாயில்லை என்பேன். பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்து நிறுத்துவான். குரல் இரண்டு செக்கன் பிந்தி வரும் இடத்தில் யார் பிடிப்பது?

அணி இல்லாமல் ஆட்டம் பார்ப்பது சுகமில்லை, அதையும் மறைக்கவில்லை. திங்கள் இரவு 12.30க்கு, குளிர்காலமானால் 1.30க்கு, விழித்திருக்க இப்போது எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் விழித்திருக்கிறேன். யாரோ ஒருவரின் ஒரு மில்லியன் பின்வரிசைக்காரன் தலையால் முட்டிக் கோல் அடித்தால், அதை 1க்குக் கூறியது நான்தானே என்று ஒரு சின்னச் சந்தோசம்.

ஆகவே தம்பி, இந்த முறையும் எனக்கு அணி வேண்டாம். வருகிற சனி, இங்கே இரவு 7.30, லண்டனில் பிற்பகல் 3, ரொறன்ரோவில் காலை 10. இன்வேர்ட்டர் இல்லாதவர்கள் ஃபோன் சார்ஜ் போட்டு வையுங்கள். உங்களில் யாராவது தன் அணியை விட்டுவிட்டு ஏலம் கூற வருவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், எக்ஸெல் ஷீட்டை அன்றைக்கே கையளித்துவிடுகிறேன். பிறகு ஹாலண்ட் பெயர் வரும்போது 32 கேட்கப் போவது நான்தான்.